பிள்ளைகள் குறைகிறார்கள், மக்கள் பெருகுகிறார்கள்: கானாவின் கணக்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அகான் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெற்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குச் 'சுமினா' என்று பெயர் வைப்பார்கள். குப்பைமேடு என்று பொருள். சில வீடுகளில் 'தொன்கோ' என்று வைப்பார்கள். அடிமை என்று பொருள். இல்லையென்றால் 'பாஜினா'. போகாமல் நில்லு என்று குழந்தையிடமே கெஞ்சும் பெயர் அது. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்துச் சாவு ஒதுங்கிப் போய்விடும் என்பது நம்பிக்கை. குப்புசாமிகளும் குப்பம்மாள்களும் பிச்சைகளும் பிறந்த மண்ணில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே மக்களிடம் இன்னொரு வகைப் பெயர்களும் உண்டு. அவை பிறந்த வரிசையைச் சொல்பவை. மூன்றாவது மகன் மென்சா. நான்காவது பிள்ளை அனான். ஒன்பதாவது நிக்ருமா. பத்தாவது பாது. பத்துப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கணவன் ஓர் ஆடு கொடுத்துப் பாராட்டும் சடங்கும் இருந்திருக்கிறது.

பழைய கானாவின் மக்கள்தொகை வரலாறு முழுவதும் இந்த இரண்டு வகைப் பெயர்களுக்குள் அடங்கிவிடும். நிறையப் பிறந்தார்கள், நிறையச் செத்தார்கள். ஊர் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது.

இப்போது எண்களைப் பார்ப்போம். கானா 1957-இல் விடுதலை பெற்றது. 1960 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 67 லட்சம் பேர். 2021 கணக்கெடுப்பில் 3 கோடியே 8 லட்சம். அறுபது ஆண்டுகளில் நாலரை மடங்கு. இதைக் கேட்டதும் பெரும்பாலோர் வாயில் வரும் பதில், 'அங்கே பிள்ளைகளை மேலும் மேலும் பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்பது. 'மக்கள்தொகை வெடிப்பு' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும்.

ஆனால் இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். 1988-இல் நாடு தழுவிய சுகாதார ஆய்வு நடந்தபோது கானாப் பெண்ணுக்குச் சராசரியாக 6.4 குழந்தைகள் என்ற நிலை இருந்தது. 2022 ஆய்வில் அது 3.9. ஒரு தலைமுறைக்குள் இரண்டரைப் பிள்ளை குறைந்திருக்கிறது. பிள்ளைகள் குறையும் நாட்டில் மக்கள் எப்படிப் பெருகுவார்கள்? இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று புரியாமல் பேசுவதால்தான் ஒரு கண்டத்து மக்கள் முழுவதையும் பொறுப்பற்றவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கணக்கை மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம்.

வரத்துக்காலும் மதகும்

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வரத்துக்கால், மறுபக்கம் மதகு. வரத்துக்காலில் வருவது பிறப்பு; மதகில் போவது இறப்பு. ஊர்விட்டு ஊர் போவோரும் வருவோரும் இன்னொரு வாய்க்கால். அதைப் பிறகு பார்ப்போம்.

நீர்மட்டம் ஏறுகிறது என்றால் வரத்து கூடிவிட்டது என்று பொருளில்லை. வரத்து அப்படியே இருக்க, மதகை இறக்கி அடைத்தாலும் மட்டம் ஏறும். வரத்து குறைந்திருந்தால்கூட, மதகு அதைவிட அதிகமாக அடைபட்டிருந்தால் மட்டம் ஏறத்தான் செய்யும். மக்கள்தொகை பற்றிய பாதிக் குழப்பம், ஏரியின் மட்டத்தைப் பார்த்துவிட்டு வரத்துக்காலைத் திட்டுவதிலிருந்து வருகிறது.

இன்னொரு குழப்பம் விகிதத்தையும் எண்ணிக்கையையும் ஒன்றாக நினைப்பது. நூறு ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு மூன்று ரூபாய். முதல் நானூறாகிவிட்ட பிறகு வட்டியை இரண்டாகக் குறைத்தாலும் எட்டு ரூபாய் வரும். வட்டி குறைந்தது, வரவு கூடியது. 1960-க்கும் 1970-க்கும் இடையில் கானாவின் மக்கள்தொகை ஆண்டுக்கு 2.4 சதவீதம் வளர்ந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1.8 லட்சம் பேர் கூடினார்கள். 2010-க்கும் 2021-க்கும் இடையில் வளர்ச்சி 2.1 சதவீதம்தான். விடுதலைக்குப் பின் வந்த கணக்கெடுப்புகளில் இதுவே மிகக் குறைவு. ஆனால் கூடியவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5.7 லட்சம் பேர். 'வளர்ச்சி வரலாறு காணாத அளவுக்குக் குறைந்தது', 'வரலாறு காணாத அளவுக்கு மக்கள் கூடினார்கள்' என்று இரண்டு தலைப்புச் செய்திகளையும் ஒரே அறிக்கையிலிருந்து எழுதலாம். இரண்டும் பொய்யில்லை.

முதலில் இறங்கியது மதகு

1988 ஆய்வின்போது, கானாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 155 பேர் ஐந்தாவது பிறந்தநாளைக் காணவில்லை. கிட்டத்தட்ட ஆறு பிள்ளைகளில் ஒன்று. அப்போது பெண்ணுக்கு ஆறு பிள்ளைகள். சராசரியை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் ஒரு பிள்ளையைப் புதைத்திருக்கிறாள். அதற்கு முந்தைய தலைமுறைகளில் நிலைமை இன்னும் கொடுமை. குப்பைமேடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இந்த எண் சொல்லும்.

2022-இல் அந்த 155 நாற்பதாகியிருக்கிறது. தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வீடுகளுக்குள் போனது. மலேரியாவுக்கு மருந்து தோய்த்த கொசுவலை வந்தது. 2003-இல் தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்குச் சட்டம் வந்தது. 2008-இலிருந்து கர்ப்பிணிகளுக்கு அந்தக் காப்பீடு கட்டணமின்றிக் கிடைத்தது. நாற்பதும் சின்ன எண் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை. ஆனாலும் 155-லிருந்து நாற்பதுக்கு வந்த தூரத்தை மனதில் வாங்கிக்கொள்ளாமல் கானாவின் மக்கள்பெருக்கத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி சாகாமல் பிழைத்த குழந்தைகள்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'சராசரி ஆயுட்காலம்' என்பது இன்றைய இறப்பு நிலவரம் அப்படியே நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டுகள் வாழும் என்ற கணக்கு. 1960 வாக்கில் கானாவில் இது 45 வயதை ஒட்டி இருந்தது. அதைக் கேட்டு, அங்கே 45 வயதில் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று நினைத்துவிடுகிறோம். பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரு வயதில் இறந்துவிட்டார்கள். ஏழு பேர் 65 வரை இருந்தார்கள். சராசரி 46 வருகிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 46 வயதில் சாகவில்லை. பழைய காலத்திலும் கிழவர்களும் கிழவிகளும் இருந்தார்கள். தொட்டிலைத் தாண்டியவர்களுக்கு முதுமை வாய்த்தது. இப்போது அந்தச் சராசரி அறுபதைத் தாண்டியதற்கு முதல் காரணம் தொட்டிலில்தான் இருக்கிறது.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவு: ஏரியில் முதலில் மாறியது மதகு. இறப்பு விரைவாக இறங்கியது. பிறப்பு அதன் பின்னால் மெதுவாக இறங்கியது. நடுவில் இருந்த இடைவெளிதான் பெருக்கம். முதலில் இறப்பும் பிறகு பிறப்பும் குறைந்து, இரண்டும் தாழ்ந்த நிலையில் மறுபடி சமமாகும் இந்தப் பயணத்துக்கு 'மக்கள்தொகை மாற்றம்' என்று பெயர். ஐரோப்பா இந்த வழியாகத்தான் வந்தது. இந்தியா வந்தது. கானா நடுவழியில் இருக்கிறது.

3.9 பிள்ளை என்றால் என்ன?

மேலே 6.4, 3.9 என்று சொன்ன எண்ணுக்கு 'மொத்தக் கருவள விகிதம்' என்று பெயர். ஒரு பெண் தன் பிள்ளைப்பேற்று வயது முழுவதையும் இன்றைய நிலவரப்படியே கடந்தால் எத்தனை பிள்ளை பெறுவாள் என்ற கணக்கு அது. பேருந்தின் வேகமானியைப் போல. முள் அறுபதில் நிற்கிறது என்றால், இதே வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் அறுபது கிலோமீட்டர் போகும் என்று பொருள். இதுவரை எவ்வளவு தூரம் வந்தது என்றோ, வழியில் எங்கே வேகம் குறையும் என்றோ அந்த முள் சொல்லாது. இந்த விகிதமும் அப்படித்தான். இன்று அறுபது வயதான கானாப் பாட்டிக்கு ஏழு பிள்ளை இருக்கலாம். இருபது வயதான பேத்தி மூன்றோடு நிறுத்தலாம். 3.9 இருவரில் யாருடைய கதையும் அல்ல.

இதோடு வரும் இன்னொரு எண் 2.1. தாய்க்கும் தந்தைக்கும் பதிலாக இருவர். பிள்ளைப்பேற்று வயதுக்கு முன் இறந்துபோவோருக்கும், பெண்ணைவிட ஆண் குழந்தை சற்று அதிகமாகப் பிறப்பதற்கும் சேர்த்து ஒரு சிறு பின்னம். இதைப் 'பதிலீட்டு அளவு' என்பார்கள். குழந்தைச் சாவு அதிகமுள்ள நாட்டில் இந்த அளவும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

நாட்டுச் சராசரி ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாட்டை மறைக்கவும் செய்யும். 2014 ஆய்வின்படி தலைநகர் அக்ராவைச் சுற்றியுள்ள பகுதியில் பெண்ணுக்கு 2.8 பிள்ளை. வடக்குப் பகுதியில் 6.6. நகரங்களில் 3.4, கிராமங்களில் 5.1. 'கானாப் பெண்' என்று ஒருத்தி இல்லை. அக்ராவில் அலுவலகம் போகும் பெண்ணுக்கும் வடக்கில் சோளம் விதைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது.

ஏன் குறைந்தது, ஏன் தயங்கியது?

கானா இதில் சோம்பலாக இருந்த நாடு இல்லை. 1969-லேயே மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தது. சகாராவுக்குத் தெற்கே முதலில் வந்த சில கொள்கைகளுள் அது ஒன்று. ஆனால் தாளில் இருந்த கொள்கை ஊருக்குள் போகச் சில பத்தாண்டுகள் ஆயின. அது எப்படிப் போனது என்பதற்கு வடக்கே, புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டியுள்ள நவ்ரோங்கோ என்ற ஊரில் நடந்த சோதனையைச் சொல்ல வேண்டும்.

1994-இல் தொடங்கிய சோதனை அது. அதுவரை செவிலியர்கள் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மக்கள் நெடுந்தூரம் நடந்து வர வேண்டும். வரமாட்டார்கள். சோதனையில் ஒரு பகுதிக்குச் செவிலியரை ஊருக்குள்ளேயே குடியேற்றினார்கள். அவர் தங்கும் இடத்தை ஊர்க்காரர்களே கட்டிக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகப் போனார் அவர். இன்னொரு பகுதியில் ஊர்த்தலைவர்களையும் தன்னார்வலர்களையும் வைத்து ஆண்களிடம் பேசினார்கள். மூன்றாவது பகுதியில் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். நான்காவதில் எதுவும் மாறவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

விளைவு தெளிவாக இருந்தது. செவிலியர் குடியேறிய ஊர்களில் குழந்தைச் சாவு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் பிறப்பு அப்படிக் குறையவில்லை. செவிலியரும் ஆண்களிடம் பேசும் ஏற்பாடும் சேர்ந்திருந்த இடத்தில்தான் பெண்ணுக்கு ஒரு பிள்ளை அளவுக்குக் கருவளம் இறங்கியது. காரணம் அந்த ஊர் வழக்கத்தில் இருந்தது. அங்கே மணமகன் வீட்டார் பெண்ணுக்கு மாடு கொடுத்து மணம் முடிப்பார்கள். அதோடு அவள் பெறும் பிள்ளைகள் அந்தக் குலத்துக்கு உரியவர்கள் ஆகிவிடுவார்கள். கணவனுக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட பெண் அஞ்சி அஞ்சி வாழ வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் கூட்டிய கூட்டத்தில் அந்தப் பேச்சு வெளிப்படையாக நடந்த பிறகுதான் அச்சம் தளர்ந்தது. (அந்தக் கூட்டத்துக்குக் கானாவில் பெயர் 'தர்பார்'. இந்தியாவில் பழகிய சொல்லை ஆங்கிலேயர்கள் அங்கே கொண்டுபோய் விட்டுவந்தார்கள்.) நவ்ரோங்கோவில் கற்றதை வைத்து, ஊருக்குள் செவிலியர் தங்கும் திட்டத்தை 1999 முதல் நாடு முழுவதற்கும் விரித்தது அரசு.

எனக்கு இந்தச் சோதனையில் முக்கியமாகப் படுவது ஒன்று. குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வருவது முதல் படி. 'ஆறு பெற்றால் நான்கு பிள்ளைகளாவது தங்கும்' என்று இருந்த தாய், பெற்ற நான்கும் தங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தன் வீட்டில் மட்டும் பார்த்தால் போதாது. அக்கம்பக்கத்திலும் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து இருபது ஆண்டுகள் பிடிக்கும். பிறப்பு ஏன் உடனே குறையவில்லை என்று கேட்பவர்கள் அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்ப்பதில்லை.

அடுத்த காரணம் பள்ளிக்கூடம். 1960களில் லெகானில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் பின்னாளில் ஒரு விளக்கம் தந்தார். பழைய குடும்பத்தில் செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றவருக்குப் போகிறது. கொக்கோ தோட்டத்தில் வேலை செய்ய, தண்ணீர் சுமக்க, முதுமையில் பார்த்துக்கொள்ளப் பிள்ளை வேண்டும். அந்த உலகத்தில் பத்துப் பிள்ளை என்பது பத்துப் பேர் உழைப்பு. பள்ளிக்கூடம் வந்ததும் ஓட்டம் திசை மாறுகிறது. சீருடை, புத்தகம், கட்டணம் என்று பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. அறிவில்லாமல் பத்துப் பெற்றார்கள், அறிவு வந்ததும் மூன்றோடு நிறுத்தினார்கள் என்று சொல்வது பிழை. இரண்டு காலத்திலும் மக்கள் தங்கள் நிலைமைக்கு ஏற்ற கணக்கைத்தான் போட்டார்கள்.

ஆனால் கானாவில் இந்தக் கணக்கு முழுமையாகத் தாய் தந்தையர் தலையில் விழவில்லை. பிள்ளையை அத்தை வீட்டிலோ மாமன் வீட்டிலோ பாட்டியிடமோ வளர விடுவது மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவலான வழக்கம். பெறுவது ஒருவர், வளர்ப்பது பலர். ஒவ்வொரு பிள்ளையின் செலவும் பகிர்ந்துகொள்ளப்படும்போது 'போதும்' என்ற எண்ணம் தாமதமாகவே வரும்.

1988-இல் 6.4 ஆக இருந்த விகிதம் 1998-இல் 4.4-க்கு வந்தது. பத்தே ஆண்டில் இரண்டு பிள்ளை. அதன் பிறகு 2003-இலும் அதே 4.4. 2008-இல் 4.0. 2014-இல் 4.2 என்று மறுபடி சற்று ஏறியது. 2022-இல் 3.9. வேகமாக இறங்கியது பாதி வழியில் தயங்கி நின்றதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் கருத்தடை என்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு இடைவெளி விடுவதற்கு. இனி வேண்டாம் என்று நிறுத்துவதற்கு அல்ல. இந்த மனநிலையை விட்டுவிட்டு மாத்திரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தயக்கம் புரியாது.

ஓடும் தேர்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெண்ணுக்கு ஆறு பிள்ளை என்பது நான்காகக் குறைந்த பிறகும் பிறப்புகளின் எண்ணிக்கை ஏன் குறையவில்லை?

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் நூறு பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு பிள்ளை. மொத்தம் அறுநூறு. அதில் பாதி, முந்நூறு பேர் பெண்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த முந்நூறு பேரும் வளர்ந்து, அம்மாவைப் போல ஆறு பெறாமல் நான்கோடு நிறுத்துகிறார்கள். பிறந்தவர்கள் ஆயிரத்து இருநூறு. மகள்கள் தாய்களைவிடக் குறைவாகவே பெற்றார்கள். ஆனாலும் ஊரில் பிறப்பு இரட்டிப்பானது. ஏனென்றால் பெறும் வயதில் இருக்கும் பெண்களே மும்மடங்கு ஆகிவிட்டார்கள். பேத்திகள் அறுநூறு பேர் இரண்டோடு நிறுத்தினால்கூடப் பிறப்பு அதே ஆயிரத்து இருநூறு.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வடத்தைக் கீழே போட்டதும் தேர் நின்றுவிடாது. அதுவரை ஏறிய வேகம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே ஓடி, கட்டை மேல் கட்டை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைப்பேறு குறைந்த பிறகும், இளையோர் மிகுந்திருப்பதால் தொடரும் இந்தப் பெருக்கத்துக்கு 'மக்கள்தொகை உந்தம்' என்று பெயர். நாளைக் காலையே கானாப் பெண்கள் எல்லோரும் பதிலீட்டு அளவுக்கு வந்துவிட்டாலும், மக்கள்தொகை இன்னும் சில பத்தாண்டுகள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஏற்றத்துக்கு உரிய தாய்மார்கள் ஏற்கெனவே பிறந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் கட்டை விழத் தொடங்கிவிட்டது. 2000 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 41.3 பேர் பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தார்கள். 2010-இல் 38.3. 2021-இல் 35.3. வீட்டின் அளவும் சுருங்கியிருக்கிறது: 2010-இல் ஒரு வீட்டில் சராசரியாக 4.4 பேர், 2021-இல் 3.6.

சுருக்கமாக: கூடும் எண்ணிக்கை முந்தைய தலைமுறைகளின் பிள்ளைப்பேற்றின் நிழல். இன்றைய பிள்ளைப்பேறு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பதினைந்து வயதுக்குக் கீழானோரின் பங்கைப் பார்க்க வேண்டும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

மூன்றாவது வாய்க்கால்

மக்கள் இடம் மாறுவதும் கணக்கில் சேரும். 1969-இல் உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று கானா ஆணையிட்டது. பெருந்தொகையாக நைஜீரியர்கள் போனார்கள். 1983-இல் நைஜீரியா அதையே செய்தது. சுமார் 10 லட்சம் கானாக்காரர்கள் கட்டம்போட்ட பெரிய பிளாஸ்டிக் பைகளில் கையில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பைக்கு இன்றும் நைஜீரியாவில் 'கானா மஸ்ட் கோ' என்றே பெயர். கானாக்காரனே, போய்விடு என்று பொருள்.

நாட்டுக்குள்ளேயும் ஓட்டம் பெரிது. 2010-இல் முதன்முறையாகப் பாதிக்கு மேற்பட்டோர், 50.9 சதவீதம் பேர், நகரங்களில் இருந்தார்கள். 2021-இல் 56.7 சதவீதம். பதினாறு பகுதிகளில் பரப்பளவில் மிகச் சிறியது அக்ராப் பகுதி. 2021-இல் அதுவே அஷாந்திப் பகுதியைத் தாண்டி மக்கள்தொகையில் முதலிடத்துக்கு வந்தது, ஏறக்குறைய 15 ஆயிரம் பேர் வித்தியாசத்தில். வடக்கிலிருந்து வந்து அக்ரா, குமாசி சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் இளம்பெண்களைக் 'கயாயெய்' என்பார்கள். வடக்கின் 6.6-க்கும் அக்ராவின் 2.8-க்கும் நடுவே நடந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். கணக்கெடுப்பு நாளான 2021 ஜூன் 27 இரவில், வீடில்லாமல் வெளியில் படுத்திருந்தவர்களையும் அலுவலர்கள் தேடிப்போய் எண்ணினார்கள்.

இந்தக் கதையை மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. நைஜரில் 2012 ஆய்வின்படி பெண்ணுக்கு 7.6 பிள்ளை, எத்தனை வேண்டும் என்று கேட்டபோது பெண்கள் சராசரியாக ஒன்பதுக்கு மேல் சொன்னார்கள், ஆண்கள் அதையும்விட அதிகமாக. அதே நிலப்பகுதியில் சேரும் தீவு நாடான கேப் வெர்டேயில் விகிதம் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. 'ஆப்பிரிக்காவில்' என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறி விழுகின்றன.

ஈவு என்பது தானாக வருவதில்லை

கடைசியாக ஒரு சொல். சம்பாதிக்கும் வயதில் இருக்கும் (15 முதல் 64 வரை) ஒவ்வொரு நூறு பேருக்கும், அவர்களை நம்பியிருக்கும் சிறுவர்களும் முதியவர்களும் எத்தனை பேர் என்பதைச் 'சார்ந்திருப்போர் விகிதம்' என்பார்கள். வீட்டில் சம்பாதிக்கும் கைகளையும் சாப்பிடும் வாய்களையும் எண்ணிப் பார்ப்பது போல. கானாவில் 2000-இல் இது நூற்றுக்கு 87 ஆக இருந்தது. 2021-இல் 66-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. சிறுவர்கள் குறைந்து, முதியவர்கள் இன்னும் பெருகாத இந்த இடைக்காலத்தில் ஒரு நாட்டின் கையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வழி ஏற்படுகிறது. அந்த வாய்ப்புக்கு 'மக்கள்தொகை ஈவு' என்று பெயர்.

வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி சேர்வது போல இது தானாக வந்து சேரும் என்று பேசுகிறார்கள். வராது. கைகள் இருந்தால் போதாது. கைகளுக்கு வேலை வேண்டும். கானா 2017-இல் மேல்நிலைப் பள்ளிக் கல்வியை எல்லோருக்கும் கட்டணமின்றி ஆக்கியது. அதுவரை வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வகுப்பறைகளும் விடுதிக் கட்டில்களும் போதவில்லை. 2018-இல் மாணவர்களைத் தங்கத் தடம், பச்சைத் தடம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு பள்ளியில் படிக்கும்போது இன்னொரு பிரிவு வீட்டில் இருக்கும். பிறகு இடம் மாறிக்கொள்ளும். உந்தம் என்று மேலே சொன்ன கணக்கு நிஜத்தில் கட்டிலாகவும் பெஞ்சாகவும் வந்து நின்றது இப்படித்தான்.

அந்தப் பச்சைத் தடத்துப் பிள்ளைகளில் பலர் 2000களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள். விகிதம் 4.4-இல் தயங்கி நின்ற ஆண்டுகள் அவை. மென்சாவும் அனானும் பாதுவும் அவர்களில் பலருக்கு இப்போது வெறும் குடும்பப் பெயர். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அனானுக்கே அது தந்தை வழியில் வந்த பெயர்தான். நான்காவது பிள்ளை என்பதற்காக வைத்ததில்லை. இன்று அக்ராவில் பாது என்ற பெயரோடு ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் போட்டால், அவள் வீட்டில் அவளோடு பிறந்தவர்கள் இரண்டு பேராக இருக்கலாம். அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம்.